தேயிலை மலையில் அறுப்பின் பண்டிகை: முதன்முறை நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

பதுளை நகரை விட்டு நமுனுகுல மலைச்சரிவில் ஏறினால் ஸ்பிரிங்வெளி. சுற்றிலும் தேயிலை. இப்படியான ஒரு தோட்டத்துச் சபைக்குப் புதிதாக வந்த ஊழியரிடமோ, ஞாயிறு பாடசாலை ஆசிரியரிடமோ, வாலிபர் சங்கச் செயலாளரிடமோ மூப்பர் ஒருவர், "இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைய நீங்களே எடுத்து நடத்துங்க" என்று சொல்லிவிடுகிறார். கைக்குக் கிடைக்கும் ஆராதனை ஒழுங்கு வயல்காட்டுச் சபைக்கு எழுதியது. அதில் கதிர்க்கட்டு இருக்கும், களம் இருக்கும், களஞ்சியம் இருக்கும். தோட்டத்தில் அவை எதுவும் இல்லை.

தேயிலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறுவடை கிடையாது. பறிக்கிறவரின் வீட்டுக்கு அந்த விளைச்சல் வந்து சேர்வதும் கிடையாது. இந்த இரண்டு உண்மைகளையும் பூசி மெழுகாமல் நடுவில் வைத்தே பண்டிகையை அமைக்கலாம். அப்போதுதான் ஏறெடுக்கும் நன்றி மெய்யாக இருக்கும். பண்டிகைக்குப் பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் போய் நின்று பேசும் பேச்சுக்கும் மதிப்பு இருக்கும். கீழே உள்ள ஒன்பது படிகளும் அதற்காகவே. மெதடிஸ்த, ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகள் தங்கள் முறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கத்தோலிக்கப் பங்குகள் நன்றித் திருப்பலியோடு இணைத்துக்கொள்ளலாம்.

## படி 1: மலையின் பருவத்தைப் படியுங்கள்

வேதாகமத்தைத் திறக்கும் முன் கொழுந்தின் கணக்கைக் கேட்டு அறியுங்கள். தளிர் நன்றாக ஓடும் காலத்தில், ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்தும் தயாராக இருப்பதை மட்டும் கிள்ளி, மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். சுற்று தவறினால் தளிர் முற்றிக் கரட்டு இலையாகிவிடும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வாடி, அரைபட்டு, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது.

பதுளை அடங்கும் ஊவாவின் பருவமே தனி. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய கச்சானாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை வீசும் அந்தக் காற்றில் தளிர் மெதுவாக வளர, மணம் ஏறுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுத்தவை இந்த மாதங்கள்தான். வடகீழ்ப் பருவமழை வரும்போது காட்சி மாறும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. கச்சான் காலத்தில் மணம் ஏறும், கூடை ஏறாது. கொழுந்து குறைந்தால் நிர்ணயித்த கிலோ வராது. கிலோ வராவிட்டால் முழுப்பேர் (முழுநாள் கூலி) விழாமல் அரைப்பேர்தான் விழும் என்ற பயம் மலையில் நிற்கும் பெண்ணுக்கு உண்டு. "வறண்ட காற்றுதான் இலைக்கு மணம் தருகிறது, அதுபோலத் துன்பம் நம்மை மணக்கச் செய்கிறது" என்று பிரசங்கம் செய்ய எவருக்கும் ஆசை வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த மாதம் கடையில் கடன் சொன்னவர்கள் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த வரியைத் தாளிலேயே அடித்துவிடுவீர்கள். மணத்தின் விலை ஒரு பக்கம் போகிறது, வறட்சியின் சுமை இன்னொரு பக்கம் விழுகிறது. பிரசங்கம் அங்கிருந்து தொடங்கலாம்.

செய்ய வேண்டியது: கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், கங்காணி ஒருவர், வீட்டுப் பக்கத்தில் மரக்கறி போட்டிருக்கும் ஒருவர் என்று மூன்று பேரிடம் தனித்தனியே உட்கார்ந்து பேசுங்கள். "எந்த மாசம் கை நிறையுது, எந்த மாசம் கடன் ஏறுது?" என்ற ஒரே கேள்வி போதும்.

## படி 2: நாள் குறியுங்கள்

அறுப்பின் ஆராதனை என்று இன்று நாம் அறியும் வடிவம் மிகப் பழையதல்ல. 1843 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில், மோர்வென்ஸ்டோ ஊர்க் குருவான ரொபர்ட் ஸ்டீபன் ஹோக்கர் தன் ஆலயத்தில் நடத்திய நன்றி ஆராதனையிலிருந்து பரவியது அது. அங்கே கோதுமை அறுக்கும் காலம் பார்த்து நாள் வைத்தார்கள். திருநெல்வேலிச் சீமைச் சபைகளுக்கு வேறு நாள். உங்களுக்கும் உங்கள் நாள்.

ஊவாத் தோட்டங்களுக்கு இரண்டு காலங்கள் பொருந்தும். ஒன்று, கச்சான் பருவம் முடியும் செப்டம்பர் கடைசி. மற்றது, ஜனவரி நடுப்பகுதி. லயமே பொங்கல் வைத்து மகிழ்ந்திருக்கும் நேரம், பக்கத்துக் கிராமங்களில் பெரும்போக நெல்லும் வயலில் நிற்கும். அக்டோபர் கடைசியும் நவம்பரும் வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலை, இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது அந்த மழைக் காலத்தில்தான். மண்சரிவு எச்சரிக்கை வரக்கூடிய வாரத்தில் சனத்தை ஒரு கட்டடத்துக்குள் கூட்டக் கூடாது.

நாளை உறுதி செய்யும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

- அந்த ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை போடுவார்களா? போட்டால் வருமானத்தை விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள். ஆராதனையைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள்.
- சம்பள நாளுக்கு முந்திய வாரமா? அப்படியானால் காணிக்கை கேட்பதே பாரமாகிவிடும். சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிறு நல்லது.
- தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, பக்கத்து விகாரையின் பெரஹரா, பிள்ளைகளின் பரீட்சை ஆகியவற்றோடு மோதுகிறதா?
- தண்ணீர் வரும் நேரம் என்ன? அசனம் சமைக்க இதுதான் முதல் கேள்வி.

## படி 3: வேதப்பகுதியைத் தெரிந்தெடுங்கள்

வேதாகமத்தில் அறுப்பைப் பற்றிய இடங்கள் ஏராளம். முதன்முறை நடத்துகிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாசிக்கப் பார்ப்பார். ஒன்றை எடுத்து ஆழமாகப் போங்கள். தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்துபவை இவை:

ரூத் 2. தோட்டத்துப் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான அதிகாரம் இல்லை. பிறதேசத்துப் பெண், விதவை, பிறர் நிலத்தில் கூலிக்காரருக்குப் பின்னால் குனிந்து பொறுக்குகிறாள். நிலத்துக்காரனான போவாஸ் வயலுக்கு வந்ததும் வேலையாட்களை வாழ்த்துகிறான். அவள்மேல் கை வைக்கக் கூடாது என்று வாலிபர்களுக்குக் கட்டளையிடுகிறான். சாப்பாட்டு வேளையில் அவளையும் உட்கார வைக்கிறான். மாலையில் அவள் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை இருந்தது. மரியாதை, பாதுகாப்பு, சாப்பாடு, சரியான அளவு என்று நான்கு காரியங்கள். கங்காணிகளில் ஆண்களே மிகுதியாகவும் கொழுந்தெடுப்பவர்கள் பெண்களாகவும் இருக்கும் மலையில் இந்த நான்கையும் விளக்கவே ஒரு பிரசங்கம் போதாது.

லேவியராகமம் 23. முதற்கட்டை அசைவாட்டுவதும், அதிலிருந்து ஐம்பதாம் நாள் பண்டிகையும் இங்கே. அதே அதிகாரத்தின் 22 ஆம் வசனம் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்கிறது. பண்டிகை ஒழுங்கின் நடுவிலேயே ஏழையின் பங்கு எழுதப்பட்டிருப்பதைக் காட்டுங்கள்.

மத்தேயு 9:36-38. அறுப்பு மிகுதி, வேலையாட்கள் கொஞ்சம் என்னும் புகழ்பெற்ற பகுதி. வெளி ஊழியக் கூட்டங்களில் 37 ஆம் வசனத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 36 இலிருந்து தொடங்குங்கள். ஜனங்கள் தொய்ந்துபோனதைப் பார்த்து இயேசு மனதுருகிய பிறகே அறுப்பைப் பற்றிப் பேசுகிறார். களைப்பைப் பார்க்காத கண்ணுக்கு அறுப்பும் தெரியாது.

யோவான் 4:35-38. வேறொருவர் பட்ட பாட்டின் பலனுக்குள் நாம் பிரவேசிக்கிறோம் என்ற கருத்து. படி 5 க்கு இது அடிப்படை.

மாற்கு 4:26-29. விதைத்தவன் தூங்கி எழ, அவன் அறியாமலே பயிர் முளைக்கிறது. அவசரக்கார ஊழியருக்கு நல்ல மருந்து.

## படி 4: காணிக்கை மேசையை அமையுங்கள்

ஊவாவின் மேசை அழகாகவே அமையும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சி, கரட், லீக்ஸ். லயத்துப் பின்பக்கத் துண்டு நிலத்திலிருந்து பூசணி, மரவள்ளி, கறிவேப்பிலை, வாழைக்குலை. கோழி வளர்ப்பவர் முட்டை கொண்டு வருவார். மாடு வளர்ப்பவர் பால் கொண்டு வருவார்.

கொழுந்து வைப்பதில்தான் சிக்கல். மலையில் நிற்கும் கொழுந்து கம்பெனியுடையது. ஒரு பிடி எடுத்து வந்தாலும் திருட்டு என்று சொல்ல இடமுண்டு. ஆகவே மூன்று வழிகளில் ஒன்றை எடுங்கள். முதலாவது, தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் கேட்டு ஒரு கூடை கொழுந்துக்கு அனுமதி பெறுவது. இரண்டாவது, சொந்தமாகச் சிறு தேயிலை நிலம் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு வாங்குவது. மூன்றாவது, வெறுங்கூடையையே வைப்பது.

மூன்றாவது வழிக்குத் துணிவு வேண்டும். சபைக்கு அதிகம் பேசுவதும் அதுதான். கூடை, தலையில் மாட்டும் கயிறு, இடுப்பில் கட்டும் படங்கு, பேர்ச் சீட்டு என நான்கையும் மேசையின் நடுவில் வையுங்கள். மற்ற மேசைகளில் விளைச்சல் இருக்கும். இங்கே விளைச்சலை உண்டாக்கிய உழைப்பு இருக்கிறது. நாள் முழுக்கப் பறித்ததில் ஒரு இலைகூடத் தன்னுடையதல்ல என்று அறிந்த பெண், ஆண்டவருக்கு என்னத்தைக் கொண்டு வருவது என்று தயங்குவாள். அவள் கொண்டு வருவது உழைப்பு, அது அவளுடையது.

சிறு காணிக்கைக்கு மரியாதை கொடுக்கும் முறையும் வேண்டும். மிசோரம் மாநிலத்துச் சபைப் பெண்கள் 1910 வாக்கிலிருந்து ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை ஒதுக்கி வைத்தே பெரும் மிஷன் பணிகளைத் தாங்கி வருகிறார்கள். தமிழ்ச் சபைகளிலும் பிடியரிசி பழைய பழக்கம். பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே வீட்டுக்கொரு சிறு பை கொடுத்துவிடுங்கள். யார் எவ்வளவு கொண்டு வந்தார் என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டுங்கள்.

## படி 5: காணிக்கையோடு வந்த வழியைச் சொல்லுங்கள்

உபாகமம் 26 இல் முதற்பலன் கொண்டு வருகிறவன் கூடையை வைத்துவிட்டு உடனே போய்விடுவதில்லை. தன் முன்னோர் நாடோடியாய் எகிப்துக்குப் போனது, அங்கே ஒடுக்கப்பட்டது, விடுவிக்கப்பட்டது என்று குடும்பக் கதையை ஆசாரியன் முன் சொல்ல வேண்டும். வரலாறு சொல்லாத காணிக்கை அங்கே முழுமையாவதில்லை.

மலையகத்தார் சொல்வதற்கும் அப்படியொரு வழி இருக்கிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். முதலில் கோப்பி. 1869 இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்ட பிறகு மெல்லத் தேயிலை. 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் போட்டுப் பிரித்தது. 2023 ஜூலை 28 இலிருந்து ஆகஸ்ட் 12 வரை, அவர்கள் வந்த இரு நூற்றாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தார்கள். அந்த நடையில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் தோள் கொடுத்தது.

சபையின் கதையும் இதனுள் இருக்கிறது. தோட்டத் தமிழருக்கான ஆங்கிலிக்கன் ஊழியம் 1854 இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் தொடங்கியது. திருநெல்வேலியில் பணி செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் ஐயர் அதை நடத்த வந்தார். லயம் லயமாக ஏறி இறங்கியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் உபதேசியார்கள். செலவுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். இந்தக் கடைசிச் செய்தியையும் மறைக்காமல் சொல்லுங்கள். துரையின் காசில் நடந்த ஊழியத்துக்குக் கூலியின் கணக்கைக் கேட்பது எளிதாக இருந்திருக்காது. இன்று சபைக்கு அந்தக் கட்டு இல்லை.

பதுளை நகரத்துப் புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். நடந்தே சுவிசேஷம் சொன்ன உபதேசியார்கள் பலருக்குப் பேர் பொறித்த கல்லே கிடையாது. உங்கள் சபையின் மூத்தவர் ஒருவரிடம் நான்கு நிமிடம் கொடுத்து, அவர் குடும்பத்துக்கு முதலில் ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வையுங்கள். யோவான் 4 இன் பிரசங்கம் அதிலேயே முடிந்துவிடும்.

## படி 6: ஆராதனை ஒழுங்கு

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒரு மாதிரி ஒழுங்கு:

1. பவனி (10 நிமிடம்). லயத்துச் சந்தியிலிருந்து ஆலயத்துக்கு. கூடையை முதியவர் ஒருவரும் சிறுமி ஒருத்தியும் சேர்ந்து தூக்கி வரட்டும்.
2. துதிப் பாடல்கள், ஆரம்ப ஜெபம் (15 நிமிடம்).
3. வேதவாசிப்பு (5 நிமிடம்). கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர் வாசிப்பது நல்லது. எழுத்து வாசிக்கத் தயங்கினால் முந்திய வாரமே மனப்பாடம் செய்ய உதவுங்கள்.
4. வந்த வழி சொல்லுதல் (5 நிமிடம்).
5. பிரசங்கம் (15 நிமிடம்). ஒரே பகுதி, ஒரே செய்தி.
6. காணிக்கை படைத்தல் (15 நிமிடம்). வீட்டின் பேர் சொல்லி அழையுங்கள். பொருளின் அளவைச் சொல்லாதீர்கள்.
7. மன்றாட்டு (10 நிமிடம்). வேலையில் வழுக்கி விழுந்தவர்கள், குளவி கொட்டியவர்கள், கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் என்று விவரமாக ஜெபியுங்கள்.
8. ஆசீர்வாதம்.

பாடலுக்குத் தப்பு வாசிக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் எழும். சாவு வீட்டு மேளம் ஆலயத்துக்குள் எப்படி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்குள் சாதி இருக்கிறது. மூப்பர்களோடு முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பண்டிகை நாளில் வாசலில் வைத்து வாதாடாதீர்கள்.

## படி 7: ஏலமும் அசனமும்

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளை ஏலம் விடுவது தமிழ்ச் சபைகளின் வழக்கம். சிரிப்பும் கேலியுமாக நல்ல நேரம் அது. ஆனால் ஒரு பூசணிக்காய் ஐயாயிரம் ரூபாய்க்குப் போகும் இடத்தில், அதைக் கொண்டு வந்த பாட்டிக்கு அதில் ஒரு துண்டு வாங்கவும் முடியாது. நகரத்திலிருந்து வந்த உறவுக்காரர் போட்டி போட்டு விலையேற்ற, தோட்டத்தார் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே மூன்று விதிகள்: பொருளில் பாதியை ஏலத்துக்கு எடுக்காமல் ஒதுக்குங்கள். கடனுக்கு ஏலம் விடாதீர்கள். ஏலத் தொகையை அதே இடத்தில் சத்தமாக வாசித்து, அடுத்த ஞாயிறு கணக்கை எழுதி ஒட்டுங்கள்.

ஒதுக்கிய பாதிதான் உங்கள் வயலின் ஓரம். தேயிலையில் சிந்தியதைப் பொறுக்க உரிமை இல்லாததால் லேவியராகமச் சட்டத்தை இப்படித்தான் நிறைவேற்ற முடியும். வேலையை விட்டு நின்ற முதியோர், கணவனை இழந்தவர்கள், படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் வீட்டுக்கு அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த மதத்தார் என்று பார்க்க வேண்டாம். கொடுக்கும்போது துண்டுப் பிரசுரமும் வேண்டாம்.

அசனத்துக்கு ஒரே உலை, ஒரே பந்தி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிய கையோடு, ஓர் உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதையே தன் இறையியலின் மையத்தில் வைத்தார். சோறு, பருப்பு, மரக்கறிக் கூட்டு, அப்பளம் போதும். இறைச்சி வைத்தால் செலவு கூடும். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பத்தார் சிலர் உட்காரவும் தயங்குவார்கள். வெளியாருக்கு முதல் பந்தி கொடுங்கள், சபையார் பரிமாறட்டும்.

## படி 8: லயத்துக்குப் போங்கள்

தோட்டத்தில் பெரும்பான்மையோர் இந்துக்கள். சுற்றுக் கிராமங்களில் பௌத்தர். ஆளைக் கூட்டி ஒரே நாளில் ஒலிபெருக்கி வைத்து முடிக்கும் கூட்டத்தைவிட, கொழுந்துச் சுற்றுப்போல வாரம் தவறாமல் திரும்பி வரும் கால்களுக்கே இங்கே மதிப்பு. தயாராகாததைக் கிள்ளாமல் விட்டு வரும் பொறுமையும் அந்தச் சுற்றிலேயே அடக்கம்.

ஒரு லயத்தை மட்டும் எடுங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. மாலை ஐந்துக்கு முன் போகாதீர்கள். மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் விருந்தாளி பாரம். ஆறு மணிக்குப் போனால் தேத்தண்ணி கிடைக்கும். அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"வாங்க தம்பி, உக்காருங்க. போன வருஷமும் ஒருத்தர் வந்தாரு. நோட்டீஸ் குடுத்தாரு. அதுக்கப்புறம் ஆளையே காணோம்."

"நான் அடுத்த செவ்வாக்கெழமையும் வருவேன் பாட்டி. கண்ணு கிளினிக்குக்கு எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

"இருவத்தி மூணாந் திகதி. பதுளைக்குத் தனியா எப்புடிப் போறது?"

இதற்குமேல் அன்று பேச வேண்டியதில்லை. இருபத்து மூன்றாம் திகதி காலை பஸ் தரிப்பிடத்தில் நிற்பதுதான் அடுத்த வேலை. விசுவாசத்தைப் பற்றி அவர் ஒருநாள் கேட்டால் தயங்காமல், நேராக, சுருக்கமாகச் சொல்லுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஜெபியுங்கள்.

இந்த மாகாணத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார தாமே விரும்பி இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். புத்தல பக்கத்துக் கிராமத்தில் பௌத்த விவசாயிகளின் நடுவே குடிசை போட்டு வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார், மதம் மாற்றும் நோக்கமின்றி அவர்களுடைய நிலத்துக்காகவும் வாழ்வுக்காகவும் நின்றார். 1987 நவம்பர் 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வெளி ஊழியம் என்றால் ஆள் சேர்ப்பு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வாழ்க்கைகளையும் படிக்க வேண்டும்.

இலங்கை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை மதத்தை வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனாலும் நிவாரணப் பொதியோடு மதம் பரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நாட்டில் பலகாலமாக இருந்து வருகிறது. எனவே உதவிக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் வெவ்வேறு நாள், வெவ்வேறு ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளைப் பெற்றோர் அனுமதியின்றி எந்தக் கூட்டத்துக்கும் அழைக்காதீர்கள்.

## படி 9: தராசைப் பாருங்கள்

அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. உபாகமம் 25 பையில் இருவகைப் படிக்கல் வைக்காதே என்கிறது. ஆமோஸ் 8 கள்ளத் தராசைச் சாடுகிறது. கொழுந்து மடுவத்தில் வரிசையில் நின்றவருக்கு இவை எல்லாம் விளக்கமே வேண்டாத வசனங்கள். ஈரத்துக்கு, சாக்குக்கு, கரட்டு இலைக்கு என்று கழிக்கும் கிலோவின் கணக்கு அவர் கைவிரல் நுனியில் இருக்கும்.

நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 இல் அது 1,350 ஆனது. ஒவ்வொரு உயர்வுக்கும் பின்னால் ஆண்டுக்கணக்கான பேச்சுவார்த்தையும் போராட்டமும் உண்டு. சபை தொழிற்சங்கமாக மாறத் தேவையில்லை. செய்யக்கூடியவை வேறு உண்டு: சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. சேமலாப நிதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. சபைக்குள் இருக்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர் ஆகியோருக்கு ரூத் 2 ஐ வைத்து ஒரு தனிப் படிப்பு நடத்துவது. தராசு பிடிக்கும் கையும் அதே ஆலயத்தில் அதே பந்தியில் இருக்கக்கூடும். அவரை மேடையிலிருந்து குத்திக் காட்டுவதைவிட அவர் வீட்டில் உட்கார்ந்து பேசுவது பலிக்கும்.

## புதியவர்கள் வழுக்கும் இடங்கள்

- ஆத்துமாக்களை எண்ணிக்கையாக்கி அறிக்கை எழுதுவது. தோட்டத்தில் பேர் போடுவதுபோல் மனிதருக்குப் பேர் போடக் கூடாது.
- முகாமையாளரைப் பிரதம விருந்தினராக்கி மாலை போடுவது. அழைக்கலாம், எல்லோரோடும் பந்தியில் உட்காரட்டும்.
- வறுமையைப் படம்பிடித்து முகநூலில் போடுவது. உதவி பெறுபவர் முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம்.
- சமையல், கழுவல், பெருக்கல் எல்லாவற்றையும் வாரம் முழுக்க மலையில் நின்ற பெண்களின் தலையிலேயே கட்டுவது. அன்று உலை ஆண்களிடம் இருக்கட்டும்.

## ஆறு வார அட்டவணை

முதல் வாரம்: மூவரிடம் பருவம் கேட்டல், நாள் குறித்தல், பிடியரிசிப் பை கொடுத்தல்.
இரண்டாம் வாரம்: வேதப்பகுதி தெரிவு. கொழுந்துக்கு அனுமதிக் கடிதம். லயச் சந்திப்பைத் தொடங்குதல்.
மூன்றாம் வாரம்: வந்த வழி சொல்லப்போகும் மூத்தவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதுதல்.
நான்காம் வாரம்: பாடல் பழக்கம், வாசகர் பழக்கம், ஏல விதிகளைச் சபைக்கு அறிவித்தல்.
ஐந்தாம் வாரம்: சமையல் பொறுப்பு, தண்ணீர், விறகு. முதியோர் வீடுகளின் பட்டியல்.
ஆறாம் வாரம்: பண்டிகை, அன்று மாலையே பங்கு கொடுத்தல்.

பண்டிகைக்கு மறுவாரம் மூன்று வேலைகள் மிச்சம் இருக்கும். வரவு செலவை எழுதி ஒட்டுங்கள். ஏலத் தொகையில் எவ்வளவு ஆலயத்துக்கு, எவ்வளவு வெளியாருக்கு என்று சபைக் கூட்டத்தில் முடிவெடுங்கள். பிறகு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நீங்கள் எடுத்த அதே லயத்துக்குப் போங்கள். பண்டிகை முடிந்தும் வந்திருக்கிறீர்களே என்று யாராவது கேட்டால், உங்கள் ஊழியம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.